21 நாள் தாண்டிய முட்டையில் உயிர் இருக்கிறதா?

அடை வைத்த கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும் என்பது கோழி வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும். 22-ஆம் நாள் காலையிலும் முட்டை சத்தமில்லாமல் கிடந்தால் என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை. "தண்ணியில போட்டுப் பாரு, மிதந்தா கூமுட்டை" என்பார் ஒருவர். "காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாரு" என்பார் இன்னொருவர். ஒன்றை மட்டும் உடைத்துப் பார்த்தால் மற்றவற்றின் நிலையும் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. இந்த மூன்று யோசனைகளாலும், இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் வெளியே வந்திருக்கக்கூடிய நல்ல குஞ்சுகள் வீணாகப் போகின்றன. எனக்கு அது பெரிய வருத்தம். முட்டைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் எந்தச் சோதனையை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது தானே விளங்கும்.

நாட்டுக்கோழி முட்டையை வைத்தே சொல்கிறேன். வீட்டில் பெட்டையை அடைக்கு உட்கார வைத்தாலும், சின்ன இன்குபேட்டரில் வைத்தாலும் விஷயம் ஒன்றுதான்.

முதலில் நாள் கணக்கு சரியா?

முட்டை வைத்த அன்றைய தேதியையே ஒன்று என்று எண்ணுவது பலருடைய வழக்கம். அப்படி எண்ணினால் ஒரு நாள் கூடிவிடும். முட்டைக்குச் சூடு ஏறி முழுசாக 24 மணி நேரம் ஆன பிறகுதான் ஒரு நாள். திங்கட்கிழமை சாயங்காலம் வைத்தால் செவ்வாய் சாயங்காலம்தான் ஒரு நாள் முடிகிறது. மூன்று வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை சாயங்காலம்தான் 21. அன்று காலையிலேயே "நாள் ஆச்சே, ஒண்ணையும் காணோமே" என்று பதறத் தேவையில்லை.

அடுத்தது சூடு. கரு வளரும் வேகத்தைத் தீர்மானிப்பது சூடுதான். காற்றாடி உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அதில் அரை டிகிரி குறைந்து ஓடிக்கொண்டிருந்தாலே பொரிப்பு சுமார் ஒரு நாள் தள்ளிப்போகும். மலிவான இன்குபேட்டர்களின் திரையில் தெரியும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் இன்குபேட்டரின் சென்சாரையும் ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் வைத்து ஒப்பிட்டால் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்துவிடும். இடையில் நீண்ட மின்வெட்டு வந்திருந்தால் அதுவும் கணக்கில் சேரும். கரு குளிரில் உடனே செத்துவிடாது, வேகம் குறையும்.

முட்டையைச் சேர்த்து வைத்த நாட்களும் முக்கியம். இட்டு ஒரு வாரத்துக்குள் அடைக்கு வைத்த முட்டை நேரத்துக்குப் பொரிக்கும். பத்து, பன்னிரண்டு நாள் பழைய முட்டை சில மணி நேரம் தாமதமாகும், பொரிக்கும் வாய்ப்பும் குறையும்.

பெட்டை அடை காக்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. அது இரை எடுக்க எழுந்து போகிற நேரத்தில் வேறு கோழி வந்து அதே கூடையில் முட்டையிட்டுவிடும். அந்த முட்டைக்கு 21 நாள் கணக்கு அன்றுதான் தொடங்குகிறது. மற்றவை பொரித்து, பெட்டை குஞ்சுகளை அழைத்துக்கொண்டு கிளம்பிய பிறகு கூடையில் மிச்சமிருக்கும் முட்டை பழசா புதுசா என்று யாருக்கும் தெரியாது. அடைக்கூடையில் இடிக்குப் பயந்து இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடுகிற வழக்கம் நம் கிராமங்களில் இருக்கிறது. அந்தக் கரியாலேயே ஒவ்வொரு முட்டையிலும் ஒரு கோடு போட்டு வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

இனத்துக்கு இனம் நாள் மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காடைக்கு 17, 18 நாள். வான்கோழிக்கும் சாதாரண வாத்துக்கும் 28. மணிலா வாத்துக்கு 35. கோழியோடு வாத்து முட்டையைச் சேர்த்து வைத்துவிட்டு 21-ஆம் நாள் தேடினால் கிடைக்காது.

ஆக, நாள் தாண்டிவிட்டது என்று சொல்லும் முன் எண்ணிக்கை, சூடு, முட்டையின் வயது மூன்றையும் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். நாள் தாண்டியதாகச் சொல்லப்படும் முட்டைகளில் பல உண்மையில் தாண்டியவையே அல்ல.

ஓடு என்கிற மண்பானை

மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் வெளிப்பக்கம் ஈரம் கசியும், காற்றில் உலரும், நாள் போகப் போகப் பானையில் தண்ணீர் மட்டம் இறங்கும். பானைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதுதான் காரணம். முட்டை ஓடும் அப்படித்தான். அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியாகத்தான் உள்ளே இருக்கும் கருவுக்குக் காற்று போகிறது. அதே வழியாக முட்டையின் ஈரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி வெளியேறுகிறது.

பானையில் மட்டம் இறங்கினால் மேலே வெற்றிடம் கூடும். முட்டையில் அந்த இடம் அகன்ற முனையில் உருவாகிறது. ஓட்டுக்கு உட்புறம் இரண்டு சவ்வுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரம் போகப் போக அகன்ற முனையில் அவை பிரிந்து நடுவே காற்று நிறையும். இதற்குக் காற்றறை என்று பெயர். புதிதாக இட்ட முட்டையில் இது மிகச் சின்னது. 18-ஆம் நாளில் முட்டையின் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பெரிதாகியிருக்கும்.

இந்த ஈர இழப்பு கருவுக்குத் தேவையானது. முதல் 18 நாளில் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் வரை குறைய வேண்டும். அதிகம் குறைந்தால் குஞ்சு உலர்ந்து சவ்வில் ஒட்டிக்கொள்ளும். குறைவாகக் குறைந்தால் காற்றறை சின்னதாக நின்றுவிடும், குஞ்சு தண்ணீர் கோத்துப் பெருத்து, திரும்பக்கூட இடமில்லாமல் தவிக்கும். இன்குபேட்டரில் ஈரப்பதத்தை முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம் வரையும், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 வரையும் வைக்கச் சொல்வது இதனால்தான்.

மிதந்தால் கெட்டதா?

இந்தத் தண்ணீர்ச் சோதனை சமையலறையிலிருந்து வந்தது. கடையில் வாங்கிய முட்டை புதுசா என்று பார்க்கத் தண்ணீரில் போடுகிறோம். மூழ்கினால் புதுசு, மிதந்தால் பழசு. அங்கே இது சரி. பழைய முட்டையில் ஈரம் போய்க் காற்றறை பெரிதாகியிருக்கும், அதனால் மிதக்கிறது. அடை முட்டையிலும் அதே விதியைப் போடுவதில்தான் எல்லாம் தலைகீழாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிராம் எடையுள்ள புதிய நாட்டுக்கோழி முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை தண்ணீரைவிடக் கொஞ்சம் அடர்த்தியானது என்பதால் அதன் கொள்ளளவு சுமார் 46 மில்லி. தண்ணீரில் முழுக அமுக்கினால் 46 மில்லி தண்ணீரை, அதாவது 46 கிராம் தண்ணீரை, அது விலக்குகிறது. முட்டையின் எடை 50. விலக்கிய தண்ணீரைவிடக் கனம் அதிகம், எனவே மூழ்கும். 18 நாள் அடையில் இருந்த பிறகு எடையில் 12 சதவீதம், அதாவது 6 கிராம் போய்விடுகிறது. ஓடு சுருங்குவதில்லை, கொள்ளளவு அதே 46 மில்லிதான். ஆனால் எடை 44. இப்போது மிதக்கும்.

அதாவது, சரியாக வளர்ந்து பொரிக்கக் காத்திருக்கிற ஆரோக்கியமான முட்டை மிதக்கத்தான் வேண்டும். மிதக்கிறது என்பதற்காக அதைத் தூக்கி எறிந்தால், தூக்கி எறிவது பெரும்பாலும் நல்ல முட்டையைத்தான்.

அப்படியானால் மிதப்பது உயிருக்கு அடையாளமா? அதுவும் இல்லை. கரு கூடாத முட்டையும் அதே இன்குபேட்டரில் அதே 21 நாள் இருந்தால் அதே அளவுக்கு ஈரத்தை இழக்கும். அதுவும் மிதக்கும். பாதியில் கரு செத்த முட்டையும் மிதக்கும். மிதப்பது காட்டுவது காற்றறையின் அளவை மட்டும்தான். 21-ஆம் நாளில் ஒரு முட்டை மூழ்கினால், அது பிறகு வந்து சேர்ந்த புது முட்டையாக இருக்கலாம், அல்லது ஈரப்பதம் அதிகமாக வைத்து எடை சரியாகக் குறையாத முட்டையாக இருக்கலாம். இரண்டிலும் உயிர் இருக்க வாய்ப்பு உண்டு.

கடைசி மூன்று நாள் உள்ளே நடப்பது

நாள் தாண்டிய முட்டையில் எதைத் தேடுவது என்று தெரிய, இந்த மூன்று நாளும் கண்முன் இருக்க வேண்டும்.

18-ஆம் நாளில் குஞ்சு முட்டையை முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும். காற்றறை மட்டும் மிச்சம். அதுவரை அது நுரையீரலால் மூச்சு விடவில்லை. ஓட்டின் உட்புறம் ஒட்டிப் பரவியிருக்கும் ரத்தக் குழாய்கள்தான் துளைகள் வழியாக வரும் காற்றை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தன. குஞ்சு பெரிதாகப் பெரிதாக அந்தக் காற்று போதாமல் போகிறது.

19, 20-ஆம் நாளில் குஞ்சு தலையைக் காற்றறைப் பக்கம் கொண்டுவந்து உள்சவ்வை அலகால் குத்தித் திறக்கிறது. இதை உட்கொத்து என்று சொல்வோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஓட்டில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் உள்ளே குஞ்சு முதல் மூச்சை இழுத்துவிட்டது. சில சமயம் "கீச்" என்ற மெல்லிய சத்தமும் கேட்கும்.

காற்றறையில் இருக்கும் காற்று கொஞ்சம்தான். மூச்சு விட விட அதில் கரியமில வாயு கூடுகிறது. அதனால் குஞ்சின் பிடரித் தசை வெட்டி வெட்டி இழுக்கிறது. அந்த ஒவ்வொரு வெட்டுக்கும் தலை பின்னோக்கி எறிந்து ஓட்டில் இடிக்கிறது. மேல் அலகின் நுனியில் வெள்ளையாக ஒரு சின்ன முள் இருக்கும், அதன் பெயர் முட்டைப்பல். ஓட்டைத் தெறிக்க வைப்பது அதுதான். பொரித்து சில நாளில் அது உதிர்ந்துவிடும். ஓட்டில் விழும் முதல் விரிசல் வெளிக்கொத்து. உட்கொத்திலிருந்து வெளிக்கொத்து வர ஒரு நாள்கூட ஆகலாம்.

வெளிக்கொத்துக்குப் பிறகு குஞ்சு பெரும்பாலும் ஓய்வெடுக்கும். 12 முதல் 24 மணி நேரம் வரை ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். மாட்டிக்கொண்டதோ என்று பார்ப்பவர் மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். ஆனால் அந்த நேரத்தில்தான் ஓட்டோடு ஒட்டிய குழாய்களில் இருக்கும் ரத்தம் குஞ்சின் உடலுக்குத் திரும்புகிறது. மிச்ச மஞ்சள் கருவும் தொப்புள் வழியாக வயிற்றுக்குள் போகிறது. அது முடிவதற்கு முன் உதவி செய்கிறேன் என்று ஓட்டைப் பிரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு செத்துவிடும். "ஒன்றை உடைத்துப் பார்ப்போம்" என்பதை நான் இவ்வளவு அழுத்தி மறுப்பது இதற்காகத்தான். பக்கத்து முட்டையைப் பற்றி அது எதையும் சொல்லாது, உடைத்த முட்டைக்குத் திரும்ப வழியும் கிடையாது.

சுருக்கமாக: 18-இல் இடம் நிறைகிறது, அடுத்து உட்கொத்து, ஒரு நாளுக்குள் வெளிக்கொத்து, பிறகு நீண்ட ஓய்வு, கடைசியில் ஓட்டைச் சுற்றி வெட்டிக்கொண்டு வெளியே வருகிறது. வெளியே அமைதியாகத் தெரியும் பல மணி நேரம் இதன் இயல்பான பகுதி.

காது, கண், கை

ஒரு நிபந்தனையை முதலில் சொல்லிவிட வேண்டும். இன்குபேட்டரில் ஏதாவது ஒரு முட்டையில் வெளிக்கொத்து விழுந்திருந்தால் மற்றவற்றைச் சோதிக்க மூடியைத் திறக்காதீர்கள். திறந்தால் ஈரப்பதம் சட்டென்று இறங்கும், விரிசல் விட்ட முட்டையில் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குஞ்சு வெளியே வரட்டும், அதுவரை மற்றவை காத்திருக்கும்.

எதுவும் கொத்தவில்லை என்றால் 22 அல்லது 23-ஆம் நாள் பார்க்கலாம். ஒவ்வொன்றாக எடுத்து, அகன்ற முனை மேலே இருக்கும்படி பிடித்து, காதருகே வையுங்கள். ஆட்ட வேண்டாம். நகத்தால் மெதுவாக இரண்டு தட்டு தட்டினால் போதும். கீச்சலோ, உள்ளே சுரண்டுவது போன்ற சத்தமோ கேட்டால் வேறு சோதனையே வேண்டாம், உடனே திரும்ப வைத்துவிடலாம். சத்தம் இல்லாவிட்டால் இறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. குஞ்சு தூங்கும், உட்கொத்து ஆகாமலும் இருக்கலாம்.

அடுத்தது வெளிச்சம். இருட்டறையில் செல்போன் டார்ச்சைக் கை விரல்களால் சுற்றிப் பிடித்து, முட்டையின் அகன்ற முனையை அதன் மேல் பொருத்துங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் கசியக்கூடாது. இப்போது காற்றறை பளிச்சென்று தெரியும், அதற்குக் கீழே எல்லாம் கருப்பு. கவனம் அந்த எல்லைக்கோட்டில் இருக்கட்டும். உயிருள்ள முட்டையில் பொரிப்பு நெருங்கும்போது அந்தக் கோடு நேராக இருக்காது, ஒரு பக்கம் சரிந்து மேடுபள்ளமாக இருக்கும். ஓரத்தில் சிவப்பு நரம்புகள் தெரியலாம். உட்கொத்து ஆகியிருந்தால் வெளிச்சமான பகுதிக்குள் கூர்மையான ஒரு நிழல் நீட்டிக்கொண்டிருக்கும், அது அலகு. முட்டையை அசைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த நிழல் மூச்சுக்கு ஏற்ப மெல்லத் துடிப்பது தெரியும். அதைப் பார்த்துவிட்டால் எந்தச் சந்தேகமும் மிச்சமில்லை. இந்த நிலையில் நரம்புகள் மங்கிக்கொண்டே வரும் என்பதால், அலகின் நிழல் தெரியும் முட்டையில் நரம்பைக் காணவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

உயிரில்லாத முட்டை வேறு மாதிரி இருக்கும். லேசாகச் சாய்த்தால் உள்ளே இருக்கும் கருமை நீர் போல இங்குமங்கும் ஓடும், காற்றறையின் எல்லையும் சேர்ந்து ஆடும். நரம்பு எதுவும் இருக்காது, நிறம் கலங்கலாக இருக்கும். முட்டை முழுக்க ஒரே சீராக வெளிச்சம் பாய்ந்தால் அது கரு கூடவே இல்லை. உள்ளே ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் முதல் வாரத்திலேயே கரு செத்து ரத்தம் ஓரத்தில் ஒதுங்கியிருக்கிறது. இவை இரண்டும் 7-ஆம் நாள் டார்ச் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

கையும் ஒன்று சொல்லும். கடைசி வாரத்தில் குஞ்சு தன் உடம்பிலேயே சூடு உண்டாக்கத் தொடங்கிவிடும். அதனால் உயிருள்ள முட்டை இன்குபேட்டரின் சூட்டைவிடக்கூடக் கொஞ்சம் அதிகமாகச் சுடும், வெளியே எடுத்தால் சீக்கிரம் ஆறாது. கரு இல்லை என்று உறுதியான முட்டையை ஒரு கையிலும் சந்தேக முட்டையை இன்னொரு கையிலும் வைத்துப் பார்த்தால், பழகிய கைக்கு வித்தியாசம் தெரியும். இதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

அப்புறம் மூக்கு. கெட்ட நாற்றம் வந்தாலோ, ஓட்டில் பிசுபிசுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ அந்த முட்டையை அசைக்காமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வெளியே கொண்டுபோய்விடுங்கள். உள்ளே வாயு சேர்ந்த முட்டை வெடித்தால் மற்ற எல்லா முட்டைகளிலும் கிருமி தெறிக்கும்.

தண்ணீரை எப்போது தொடலாம்?

காது, கண், கை மூன்றும் தெளிவான பதில் சொல்லாத முட்டைக்கு மட்டும், 23-ஆம் நாளுக்குப் பிறகு, கடைசி வழியாக இதைச் செய்யலாம். இங்கே பார்ப்பது முட்டை மிதக்கிறதா என்பதை அல்ல, மிதக்கும் முட்டை தானாக அசைகிறதா என்பதை.

ஓட்டை வெளிச்சத்தில் சுற்றிலும் பார்த்து, ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை என்று உறுதி செய்த பிறகே தண்ணீர். விரிசல் இருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து குஞ்சு மூழ்கிவிடும். தண்ணீர் 38 டிகிரி, அதாவது கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டால் முட்டை குளிர்ந்து காற்றறைக் காற்று சுருங்கும், துளைகள் வழியாகத் தண்ணீரையும் அதிலுள்ள கிருமியையும் உள்ளே இழுக்கும். மண்பானைத் துளை வெளியே விடுவது போல உள்ளேயும் எடுக்கும் என்பதை மறந்துவிடக்கூடாது.

தண்ணீர் முழுசாக ஓய்ந்து நிற்கும்போது முட்டையை மெதுவாக விட்டு, பாத்திரத்தைத் தொடாமல் ஓரிரு நிமிடம் பாருங்கள். முட்டை தானாக ஒரு பக்கம் வெட்டினாலோ, சுற்றிலும் சிற்றலை எழுந்தாலோ உள்ளே உயிர் இருக்கிறது. குமிழி வந்தால் எங்கோ விரிசல் உண்டு, உடனே எடுங்கள். எடுத்த முட்டையைத் துடைக்காமல், மெல்லிய துணியில் ஒற்றி, திரும்ப வையுங்கள்.

அசையவில்லை என்றால்? இந்தச் சோதனைக்கு "ஆம்" என்று சொல்லத்தான் தெரியும், "இல்லை" என்று சொல்லத் தெரியாது. அசையாத முட்டையும் சூட்டுக்குத் திரும்பத்தான் வேண்டும்.

எத்தனை நாள் வரை விட்டு வைப்பது?

சூடு சரியாக இருந்த இன்குபேட்டரில் பெரும்பாலான குஞ்சுகள் 22-ஆம் நாளுக்குள் வந்துவிடும். சூடு குறைந்திருந்தாலோ, மின்வெட்டு வந்திருந்தாலோ 23, 24 வரை வரும். 25-ஆம் நாள் முடிந்த பிறகும் சத்தம், நிழல், அசைவு எதுவும் இல்லாத முட்டையை எடுத்துவிடலாம். பெட்டை அடை காத்த முட்டை என்றால் அது அவ்வளவு நாள் உட்காராது. முதல் குஞ்சுகள் வந்து ஓரிரு நாளில் கூடையை விட்டு இறங்கிவிடும். அப்போது மிச்ச முட்டைகளை டார்ச் அடித்துப் பார்த்து, உயிருள்ளவற்றை இன்குபேட்டருக்கோ அடையில் இருக்கும் வேறு பெட்டைக்கோ மாற்ற வேண்டும்.

முந்திப் பொரித்த குஞ்சுகளின் பசியை நினைத்து அவசரப்படவும் தேவையில்லை. வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு அவற்றை இரண்டு நாளுக்கு மேல் தாங்கும்.

எடுத்த முட்டைகளை அப்படியே புதைத்துவிடாமல், வெளியே ஓர் ஓரத்தில் வைத்து, அகன்ற முனையிலிருந்து ஓட்டைக் கொஞ்சமாக நீக்கிப் பாருங்கள். வெறும் மஞ்சளும் வெள்ளையும் இருந்தால் சேவல் விஷயத்தைக் கவனிக்க வேண்டும், பெட்டைகள் அதிகமாகவோ சேவல் வயதானதாகவோ இருக்கலாம். ரத்த வளையம் மட்டும் இருந்தால் முட்டையைச் சேமித்த விதத்திலோ முதல் சில நாள் சூட்டிலோ கோளாறு. முழுசாக வளர்ந்த குஞ்சு ஈரம் சொட்டச் சொட்டப் பெருத்திருந்தால் ஈரப்பதம் கூடிவிட்டது, சவ்வு காகிதம் போலக் காய்ந்து ஒட்டியிருந்தால் குறைந்துவிட்டது. தலை குறுகிய முனைப் பக்கம் இருந்தால், அடை வைத்தபோது முட்டை கூர்முனை மேலாக நின்றிருக்கலாம். கண்டதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்துவிட்டு, முட்டைகளை ஆழமாகப் புதைத்து, இன்குபேட்டரைக் கழுவி வெயிலில் காய வைத்த பிறகே அடுத்த ஈட்டை வையுங்கள்.